யெஸ் சார், ஆல்வேஸ்

போன மாதம் கப்பலூரிலிருந்து போன் வந்தது. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரப்பர் கம்பெனிதான். பேசியது திவ்யா. இப்போது அங்கே எச்.ஆர். வேலையில் இருக்கும் பெண்.

"ஆன்ட்டி, பிரஸ் செக்‌ஷன் பொண்ணுங்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் ஆரம்பிக்கிறோம். முதல் நாள் நீங்க வந்து பத்து நிமிஷம் பேசணும். பத்தாவது ஃபெயிலான நீங்க வேலை பார்த்துக்கிட்டே எப்படிக் கத்துக்கிட்டீங்கன்னு சொன்னா, அவங்களுக்கும் ஒரு தைரியம் வரும்."

"வாரேன் பாப்பா. அதுக்கென்ன."

திவ்யா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த ஆடிட் விஷயம் மட்டும் வேணாம் ஆன்ட்டி. பாசிட்டிவா பேசினாப் போதும்" என்றது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் இங்கிலீஷ் கற்ற கதையில் அந்த ஆடிட்டை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? குட்மார்னிங்கும் தேங்க்யூவும்தான். அதைச் சொல்லிக்கொடுக்க நான் எதற்கு? இப்போது செல்போனே வாய் திறந்து சொல்லிக்கொடுக்கிறது. இருந்தாலும் அந்தப் பெண்ணின் பிழைப்பில் நான் ஏன் மண்ணள்ளிப் போட வேண்டும் என்று, "ஆடிட்டப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டேன், போதுமா?" என்று வாக்குக் கொடுத்தேன்.

பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

என் பெயர் ஒச்சம்மாள். பிறந்தது செக்கானூரணிப் பக்கம், விவசாயக் குடும்பம். கல்யாணமாகிக் காளவாசலுக்கு வந்தேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்றாலே எனக்கு ஆகாது. புத்தகத்தில் யாரோ ஒருவர் எப்போது பார்த்தாலும் பூங்காவுக்குப் போய்க்கொண்டே இருப்பார். எங்கள் ஊரில் பூங்கா கிடையாது. அவர் அங்கே போய் என்ன செய்தால் எனக்கென்ன என்று விட்டுவிட்டேன். பரீட்சையும் என்னை விட்டுவிட்டது.

கம்பெனியில் சேர்ந்த பிறகு விடமுடியவில்லை. அங்கே மூச்சு விடுவதைத் தவிர எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் பெயர்தான். 'ஹாட்' என்ற வார்த்தையை மோல்டில் மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டு கற்றேன். 'ரிஜெக்ட்' என்ற வார்த்தையை, காலையிலிருந்து செய்ததை எல்லாம் சூப்பர்வைசர் மணி அண்ணன் குப்பைத் தொட்டியில் கொட்டியபோது கற்றேன். அர்த்தம் யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஒரு வார்த்தையைச் சொன்ன பிறகு என்ன நடக்கிறதோ, அதுதான் அதற்கு அர்த்தம்.

இந்த வித்தையில் எனக்குக் கை தேர்ந்தது எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜரால்தான். ராமநாதன் சார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. மிஷின் எதையாவது தொட்டால் உடனே விரலைத் துடைத்துக்கொள்வார். மனிதர் ஒரு நாளும் கத்தியதில்லை. எங்களை 'வாங்கம்மா, போங்கம்மா' என்றுதான் கூப்பிடுவார். நலம் விசாரிப்பது தமிழில். முடிவு சொல்வது இங்கிலீஷில்.

கக்கூஸில் தண்ணீர் வரவில்லை என்று ஐந்தாறு பேர் சேர்ந்து அவர் அறைக்குப் போனோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வி வில் சீ" என்றார். பல வாரம் தண்ணீர் வரவில்லை. சரி, 'வி வில் சீ' என்றால் நடக்காது என்று அர்த்தம் எடுத்துக்கொண்டேன். என் பக்கத்து மிஷின் செல்வி, கொழுந்தனார் கல்யாணத்துக்கு லீவு கேட்டாள். "டோன்ட் வொர்ரிம்மா" என்றார். கல்யாணத்தன்று காலையில் அவளைக் கூட்டிப்போக வீட்டு வாசலிலேயே கம்பெனி வேன் வந்து நின்றது. 'டோன்ட் வொர்ரி' என்றால் இனிமேல்தான் கவலைப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டோம். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது: "தட்ஸ் ஆல்." கைக்குட்டையை நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே சொல்வார். அதற்குப் பிறகும் அங்கே நின்றால் நாம் நிற்பதே அவர் கண்ணுக்குத் தெரியாது.

ஜோதி வந்தது அப்போதுதான். மகால் பக்கத்திலிருந்து வரும் பெண். வீட்டில் சௌராஷ்டிரா பேசுவார்கள். அப்பா நெசவு. என் பிரஸ்ஸுக்கு எதிர்ப் பிரஸ்ஸில் போட்டார்கள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். மற்றவர்கள் இங்கிலீஷ் என்றதும் பம்முவார்கள். அவள் மட்டும் சிரிப்பாள்.

"எங்க வீட்ல ஒரு பாஷை, தெருவுல ஒரு பாஷைக்கா. மூணாவதா ஒண்ணு வந்தா செத்தா போயிருவோம்?"

சாப்பாட்டு நேரத்தில் அவள்தான் அந்த விளையாட்டை ஆரம்பித்தாள். தினம் ஆளுக்கு ஒரு இங்கிலீஷ் பேச்சு கொண்டுவர வேண்டும். புத்தகத்திலிருந்து எடுக்கக்கூடாது. எங்கே கேட்டாய், யார் யாரிடம் சொன்னார்கள், சொன்னதும் என்ன நடந்தது என்று சொன்னால்தான் செல்லும். இல்லாவிட்டால் உன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு வாய் அடுத்தவளுக்கு.

நான் கொண்டுபோனது 'எக்ஸ்க்யூஸ் மீ'. காளவாசலில் டவுன் பஸ்ஸில் ஒரு அம்மா அதைச் சொன்னதும் கூட்டம் விலகி வழிவிட்டது. ஆஹா, மந்திரம் கிடைத்துவிட்டது என்று மறுநாள் நானும் அதே பஸ்ஸில் சொல்லிப் பார்த்தேன். ஒரு பயல் அசையவில்லை. "அண்ணே, தள்ளுங்கண்ணே!" என்று ஒரு சத்தம் போட்ட பிறகுதான் இறங்க முடிந்தது. இதைச் சொன்னதும் ஜோதி புரண்டு சிரித்தாள்.

"அது சேலையப் பாத்து விலகுனாய்ங்கக்கா. இங்கிலீஷுக்கு இல்ல."

அவள் கொண்டுவந்ததில் எனக்கு மறக்காதது இரண்டு. ஒன்று, 'ஐ டோன்ட் திங்க் ஸோ.' டிவியில் யாரோ ஒருவரைப் பேட்டி கண்டபோது கேட்டாளாம். எதிராளி முகம் கோணாமல் மாட்டேன் என்று சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. ராமநாதன் சார் வரிசையாக வந்து, "நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலா எடுத்துரலாம்ல?" என்று கேட்டபோது, நிமிர்ந்து, "ஐ டோன்ட் திங்க் ஸோ சார்" என்றாள். செக்‌ஷனே சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னொன்று 'ரிட்டயர்ட் ஹர்ட்'. கிரிக்கெட் பார்க்கும்போது கேட்டது. பந்து விரலில் பட்டு ஒருவன் வெளியே போனான், அப்போது சொன்னார்கள். "ஹர்ட்டுன்னா அடிபடுறதுக்கா. அவுட்டு இல்லையாம். அடிபட்டதால வெளிய போறானாம்."

இப்போது அந்த மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பிரஸ் என்பது சூடான இரண்டு இரும்புத் தட்டு. கீழ்த்தட்டில் மோல்டு. அதில் பச்சை ரப்பர்த் துண்டுகளை அடுக்கி வைத்தால், மேல்தட்டு இறங்கி அழுத்தும். வெந்து முடிந்ததும் திறக்கும். பித்தளைக் கம்பியால் நெம்பி, வளையம் மாதிரி இருக்கும் ரப்பர் வாசரை எடுத்து, ஓரத்தில் பிதுங்கி நிற்கும் ரப்பரை பிளேடால் சீவ வேண்டும். மேல்தட்டை இறக்க இரண்டு பட்டன். வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் இறங்கும். மிஷின் செய்தவன் புத்திசாலி. இரண்டு கையும் பட்டனில் இருந்தால் மோல்டுக்குள் வைக்க மூன்றாவது கை யாருக்கும் கிடையாதே.

ஆர்டர் கூடியது. ஒரு நாள் ராமநாதன் சார் என் பின்னால் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மணி அண்ணனிடம், "இவங்க இடது கை என்னய்யா பண்ணுது?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். மறுநாள் மணி அண்ணன் ஒரு டப்பா நிறைய ரப்பர்த் துண்டு வெட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொரு மிஷினிலும் இடது பட்டனை அமுக்கி, இடுக்கில் ஒரு துண்டைச் செருகிவிட்டார். பட்டன் அமுங்கினபடியே நிற்கும். வலது கையால் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், தட்டு இறங்கும். இடது கை கடைசி நேரம் வரைக்கும் ரப்பரை அடுக்கிக்கொண்டிருக்கலாம். யாரும் எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை.

"அண்ணே, கை உள்ள இருக்கும்போது எறங்குச்சுன்னா?" என்று ஜோதி கேட்டாள்.

"நீதானம்மா தட்டப்போற. ஓங்கையி எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றார். பாவம், அவருக்கும் மேலே இருந்து அதே பதில்தான் வந்திருக்கும்.

ஒரு நாள், அடுக்கிய ரப்பரில் ஒரு துண்டு சாய்ந்தது. ஜோதி அதைச் சரி செய்ய இடது கையை உள்ளே விட்டாள். வலது கை பழக்கத்தில் பட்டனைத் தட்டிவிட்டது. அவள் போட்ட சத்தத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஓடிப்போய்த் தட்டை ஏற்றியது நான். அவளைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடியது மணி அண்ணன். திரும்பி வந்து பார்த்தேன். அவள் மிஷினில் செருகியிருந்த ரப்பர்த் துண்டைக் காணோம்.

இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

மறுநாள் எங்களை எல்லாம் நிற்கவைத்து ராமநாதன் சார் பேசினார். முதலில் தமிழில் வருத்தப்பட்டார். ஜோதி நல்ல பெண் என்றார். கடைசியில் இங்கிலீஷுக்கு வந்தார். "திஸ் இஸ் ஆபரேட்டர் நெக்ளிஜென்ஸ். தட்ஸ் ஆல்." கைக்குட்டை பாக்கெட்டுக்குப் போனது.

நெக்ளிஜென்ஸ். நான் கேள்விப்படாத வார்த்தை. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கம்பெனியிலிருந்து ஒருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் நாள் வகுப்பில், "ஜோதின்னு ஒரு பொண்ணு இருந்துச்சு, கவனக்குறைவா இருந்து கைய விட்டுருச்சு, நீங்க அப்படி இருக்கக்கூடாது" என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் ரப்பர்த் துண்டுகள் எல்லா மிஷினுக்கும் திரும்பி வந்தன.

ஆஸ்பத்திரியில் அவள் கையில் பெரிய கட்டு. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள். "ரிட்டயர்ட் ஹர்ட்க்கா" என்றாள். அப்புறம் கேட்டாள்: "என்னையப் பத்தி ஏதோ இங்கிலீஷ்ல சொன்னாராமே. நெக்ளிஜென்ஸா? அப்பிடின்னா என்னக்கா?"

"நீயே ஒனக்குச் செஞ்சுக்கிட்டேன்னு அர்த்தம்."

அவள் அழுததை அன்றுதான் முதலில் பார்த்தேன். விரல் போனதற்கு அழவில்லை. இதற்கு அழுதாள். "நான் கேட்டேன்லக்கா? எறங்குச்சுன்னான்னு கேட்டேன்ல?" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நானும் கேட்டேன், என் காதால் கேட்டேன். ஆனால் நான் கேட்டதைக் கேட்க அந்தக் கம்பெனியில் யார் இருந்தார்கள்?

சில மாதம் கழித்து, எங்கள் வாசரை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு, அதாவது மிஷினும் வேலையும் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்க, ஆள் வருகிறது என்றார்கள். இதற்கென்று ராமநாதன் சார் ஒரு முறை வைத்திருந்தார். வருகிறவர்கள் வழக்கமாக என்னென்ன கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த வரிசைப்படி எங்களுக்கு நாலு பதில். கேள்வி என்ன என்று யாருக்கும் சொல்லமாட்டார். முதல் கேள்விக்குப் பெயர். இரண்டாவதுக்கு 'ஃபோர் இயர்ஸ் சார்', அவரவர் சர்வீசுக்குத் தக்கபடி. மூன்றாவது, இந்த மிஷின் பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது, 'யெஸ் சார், ஆல்வேஸ்.' நாலாவதுக்கு 'நோ ப்ராப்ளம் சார்.' அதற்கு மேல் கேட்டால் சிரித்துக்கொண்டே சூப்பர்வைசரைக் காட்டிவிட வேண்டும்.

காலையில் வேலை தொடங்கும் முன்னால் அவரே ஆடிட்டர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக வருவார். ஒவ்வொரு மிஷின் முன்னாலும் நின்று விரலைக் காட்டுவார். ஒரு விரல் காட்டினால் முதல் பதில், இரண்டு விரலுக்கு இரண்டாவது பதில். செல்வி எல்லாம் மணி அடித்த மாதிரி சொல்லுவாள். "வெரிகுட்" என்பார். அவர் எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிளிகூட மிளகாய்ப் பழத்தைப் பார்த்துத்தான் கத்தும். எங்களுக்கு அதுகூடக் கிடையாது.

ஆடிட் அன்று மணி அண்ணன் முதல் வேலையாக டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, எல்லா மிஷினிலும் ரப்பர்த் துண்டைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு போனார். வந்தது ஒரு வெள்ளைக்கார அம்மா. நரைத்த முடி, தடித்த பூட்ஸ். ராமநாதன் சார் பக்கத்திலேயே வந்தார். முதல் மிஷின் செல்வியுடையது.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டார்.

"செல்வி சார்."

அந்த அம்மா அதையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, இந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்.

"ஃபோர் இயர்ஸ் சார்."

ராமநாதன் சார் குறுக்கே வந்து ஏதோ சொல்லப் பார்த்தார். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மேல்தட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு, செல்வியிடம் மெதுவாகக் கேட்டார்: "ஹாஸ் எனிபடி பீன் ஹர்ட் ஆன் திஸ் மிஷின்?"

ஹர்ட். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எதிர்ப் பிரஸ்ஸில் இப்போது வேறு யாரோ ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

செல்வி நிமிர்ந்து நின்று மூன்றாவது பதிலைச் சொன்னாள். "யெஸ் சார், ஆல்வேஸ்."

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஆல்வேஸ்?"

"நோ ப்ராப்ளம் சார்."

ராமநாதன் சார் சத்தம் போட்டுச் சிரித்தார். நான் அவர் கூட வேலை பார்த்த காலத்தில் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை. இவர்கள் பட்டிக்காட்டுப் பெண்கள், பதற்றம், இங்கிலீஷ் தெரியாது என்று பூசி மெழுகினார். "நோபடி ஹியர் ஸ்பீக்ஸ் இங்கிலீஷ், மேடம்."

அதை நான் முழுசாகப் புரிந்துகொண்டேன். நோபடி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப் போட்ட கையோடு எனக்கு இங்கிலீஷ் பேசிக் காட்டினவள் நோபடி. அவள் கேட்ட கேள்வியைக் காதால் கேட்ட நானும் நோபடி.

"ஐ ஸ்பீக்" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. எல்லாரும் திரும்பினார்கள். மணி அண்ணன் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். ராமநாதன் சார், "ஒச்சம்மா, வேலையைப் பாருங்க" என்றார், தமிழில், அன்பாக. அந்த அம்மா அவரைத் தாண்டி என்னிடம் வந்து நின்றார்.

இலக்கணம் எல்லாம் எனக்குத் தெரியாது. வாக்கியம் வரவில்லை. கையில் சீவுகிற பிளேடு இருந்தது. காலடியில் சீவிப்போட்டுக் கிடந்த ரப்பரில் ஒரு துண்டை வெட்டினேன். இடது பட்டனை அமுக்கி, இடுக்கில் செருகினேன். இடது கையைத் தூக்கி அந்த அம்மாவுக்குக் காட்டி, முதுகுக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டேன். வலது கையால் ஒரு பட்டனைத் தட்டினேன். தட்டு புஸ்ஸென்று இறங்கி மூடியது.

"திஸ், எவ்ரிடே" என்றேன். துண்டைப் பிடுங்கி அந்த அம்மா கையில் வைத்தேன். "நோ திஸ், டுடே ஒன்லி."

அந்த அம்மா ரப்பர்த் துண்டைப் பார்த்தார். எதிர்ப் பிரஸ்ஸைக் கையைக் காட்டினேன். "ஜோதி. மை ஃப்ரெண்ட். ஹர்ட். டூ ஃபிங்கர்ஸ்." அப்புறம் ராமநாதன் சார் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், அவரிடம் கற்ற வார்த்தை அல்லவா: "நாட் நெக்ளிஜென்ஸ்."

அன்று சாயங்காலம் ராமநாதன் சார் கூப்பிட்டார். கத்தவில்லை. உட்காரச் சொன்னார். என்னை எப்படி நம்பினார், இந்த ஆர்டர் போனால் எத்தனை குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்றெல்லாம் தமிழில் விளக்கினார். எதையோ தப்பாகப் புரிந்துகொண்டு சொல்லிவிட்டேன் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். வீட்டில் அடுப்பு எரிவது என் சம்பளத்தில்தான்.

"ஐ டோன்ட் திங்க் ஸோ சார்" என்றேன்.

கைக்குட்டையை மடித்தார். "தட்ஸ் ஆல்" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. ஜோதி பெயரைச் சொல்லிப் புதுப் பெண்களுக்குப் பாடம் நடத்துவதை நிறுத்துகிறேன் என்று சொல்லும் வரைக்கும் எழுந்திருக்கமாட்டேன் என்றேன். அவர்தான் எழுந்து வெளியே போனார்.

என்னைப் பின்கட்டில் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். செல்வி ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. "ஒன் இங்கிலீஷால எங்க பொழப்பக் கெடுத்துராத தாயி" என்று வேனிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆர்டர் போகவில்லை. இதைச் சரி செய்துவிட்டுக் கூப்பிடு, மறுபடியும் வந்து பார்க்கிறேன் என்று அந்த அம்மா சொல்லிவிட்டுப் போனாராம். இடுக்கில் எதையும் செருக முடியாத பட்டன் வந்தது. செல்விக்கு இன்றைக்கும் பத்து விரலும் இருக்கிறது. அது போதும் எனக்கு. ராமநாதன் சார் வேறு கம்பெனிக்குப் போனார். பிற்காலத்தில் வந்த மிஷின்களில் லைட் சென்சார் வைத்தார்கள்; கை உள்ளே இருந்தால் தட்டு இறங்காது. நான் ஓய்வு பெறும் வரைக்கும் பேக்கிங்கில்தான் இருந்தேன். சூப்பர்வைசர் ஆக்கவில்லை. ஆக்கமாட்டார்கள் என்று தெரிந்துதானே பேசினேன்.

ஜோதியை மட்டும் திரும்பக் கூப்பிடவில்லை. தப்பு அவளுடையது இல்லை என்று அவளிடம் வந்து ஒருவரும் சொல்லவும் இல்லை. மகால் பக்கத்தில் வீட்டோடு சேர்த்து ஒரு வளையல் கடை வைத்திருக்கிறாள். "அந்தக் கேட்டுக்குள்ள மட்டும் கால் வைக்கமாட்டேன்க்கா" என்பாள். திவ்யா போன் செய்த அன்று சாயங்காலம் அவள் கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆடிட்டப் பத்திப் பேசக்கூடாதாமா?"

"பேசமாட்டேன்னு சொல்லிட்டேன்."

வளையல் பெட்டியை மூடினாள். "என்னைக்குக்கா கிளாஸு? நானும் வாரேன்."

வகுப்பன்று கேட்டில் செக்யூரிட்டி பெயர் கேட்டபோது ஜோதி தலை நிமிர்ந்து சொன்னாள். வகுப்பில் இருபது முப்பது பெண்கள், எல்லாரும் நீலச் சட்டை. பாடம் நடத்த ஒத்தக்கடைப் பக்கத்துக் காலேஜிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். நல்ல மனிதர். எல்லாரும் எழுந்து இங்கிலீஷில் உங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள், தப்பு வந்தால் பரவாயில்லை என்றார். பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தியும் எழவில்லை.

என் பக்கத்தில் ஜோதி எழுந்தாள்.

"மை நேம் இஸ் ஜோதி. ஐ ஒர்க்ட் ஹியர். பிரஸ் செக்‌ஷன்." இடது கையைத் தூக்கிக் காட்டினாள். எல்லாரும் பார்க்கிற வரைக்கும் இறக்கவில்லை. "ஹர்ட் ஹியர். நாட் நெக்ளிஜென்ஸ்." சேலையைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தாள். "தட்ஸ் ஆல்."

திவ்யா குனிந்து என் காதருகில், "ஆன்ட்டி, என்ன ஆன்ட்டி இது" என்றது. அழுதுவிடும் போலிருந்தது.

"நான் வாயே தொறக்கலயே பாப்பா" என்றேன்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். ஒல்லியான பெண். அந்தக் காலேஜ் சாரைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்தாள்.

"அக்கா, 'சென்சார ஆஃப் பண்ணிட்டு ஓட்டச் சொல்றாங்க'ன்னு இங்கிலீஷ்ல எப்பிடிச் சொல்றது?"

திவ்யா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றது. சென்சாரை ஆஃப் பண்ணச் சொல்வது அதற்கும் தெரியாது என்று அதன் முகத்திலேயே தெரிந்தது. நான் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் ஜோதி போர்டுக்குப் போய்விட்டாள். மார்க்கரை எடுத்து, இடது கையில் மிச்சமிருக்கிற விரல்களால் மூடியைக் கழற்றினாள்.

"இங்கிலீஷ் பெறகு எழுதுறேன் தாயி. மொதல்ல தமிழ்ல சத்தமாச் சொல்லு. எந்த மிஷினுன்னும் சேத்துச் சொல்லு."